பத்தொன்பது மறுப்புச் சீட்டுகள்

வலது தோள் விடிந்ததிலிருந்தே விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருஷம் மூட்டை ஏறி இறங்கிய தோள். அந்தப் பக்கம் இரண்டு விரல்கடை தாழ்ந்தே போய்விட்டதால் தானியக் கிடங்கில் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கூலிப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சும்மா இருந்துவிடுவார்.

குளிர் பட்டால் அந்த வலி இன்னும் ஏறும். வாகன நலவாழ்வு நிலையத்தின் காத்திருப்புக் கூடத்திலோ குளிர்காற்றைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்கவில்லை. தராசு துண்டை எடுத்துத் தோளில் நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அவருடைய கார் சக்கரங்கள் கழற்றப்பட்டு, இரும்புத் தூக்கியின் மேல், ஆளுயரத்தில் நின்றது. அதைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்தது. வேட்டி அவிழ்ந்தவனை நாலு பேர் நடுவில் நிறுத்தி வைத்த மாதிரி.

ஐந்து பேர் கை மாறி வந்த கார் அது. கிடங்குக் கணக்கர் புதிது வாங்கியபோது பழையதைத் தவணைக்கு இவர் தலையில் கட்டிவிட்டார். வண்டி ஓடத்தான் செய்தது. நிற்பதில்தான் கொஞ்சம் தகராறு. பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம் யோசித்து நிற்கும். உள்ளூரில் ஓட்ட அது போதும். மறுநாள் காலை மலையேறி இறங்கி அண்ணன் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணனுக்கு மூன்று நாளாக மூச்சு வாங்குகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தேவலை என்று அண்ணி போனில் சொல்லியிருந்தாள். நோயாளியைப் பின்சீட்டில் படுக்க வைத்து மலையிறக்கத்தில் வரவேண்டும். பிரேக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

வழக்கமாகப் பார்க்கிற தெருமுனை மெக்கானிக் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். டயர் வாங்கிய கடையில் கொடுத்த சீட்டு ஒன்று மேசைக்குள் கிடந்தது. 'நூற்றியொரு அம்ச இலவசப் பரிசோதனை' என்று அதில் எழுதியிருந்தது. அப்படித்தான் காலை எட்டு மணிக்கு அவர் இங்கே வந்து சேர்ந்தார்.

முதலில் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'உறவு ஆலோசகர்' என்றிருந்தது.

"வணக்கம் சார். இன்னைலேர்ந்து நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்."

"அப்படியாம்மா. வண்டி எத்தனை மணிக்குக் கிடைக்கும்?"

"பரிசோதனை முடிஞ்சாச்சு சார். உங்க வண்டிக்குப் பத்தொன்பது விருப்பச் சேவை சிபாரிசு பண்ணியிருக்காங்க. படிக்கட்டுமா?"

"படிம்மா."

"ஒண்ணு, ஏசிக்கு நறுமணச் சிகிச்சை."

"வண்டில ஏசியே இல்லையேம்மா."

"அதனாலதான் சார் அதை விருப்பத்துல வெச்சிருக்கு. ரெண்டு, டயருக்கு நைட்ரஜன் காத்து."

"இப்ப என்ன காத்து இருக்கு?"

"சாதாரணக் காத்து சார்."

"நாம மூச்சு விடற அதே காத்தா?"

"ஆமா சார்," என்றாள், அதை ஒரு குறையாக ஒப்புக்கொள்கிற குரலில். "மூணு, எலி வராம இருக்கப் பூச்சு."

"அடிச்சா எலி வராதா?"

"வரும் சார். வந்துட்டுத் திரும்பிப் போயிடும்."

அப்படியே வரிசையாகப் போயிற்று. இன்ஜினுக்கு அலங்காரக் குளியல். ஸ்டீயரிங்குக்குத் தோல் ஊட்டம். பேட்டரிக்கு மன அமைதி ஜெல் என்று ஒன்று இருந்தது. அது யாருடைய மன அமைதி என்று அவளுக்கும் தெரியவில்லை. பதினாலாவதாக ஹாரன் இனிமைப்படுத்தல்.

"சத்தம் கேட்டு ஆள் நகரத்தானேம்மா ஹாரன்?"

"நகரணும் சார். ஆனா மனசு நோகாம நகரணும்."

கிடங்கில் எதை எடை போட்டாலும் கடைசியில் சாக்கு எடையைக் கழிப்பார்கள். சரக்கு எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்பது தராசுக்குத் தொட்டாலே தெரியும். பத்தொன்பதையும் கேட்டு முடித்தார். எல்லாம் வெறும் சாக்கு. உள்ளே ஒரு பிடி சரக்கில்லை. அதற்கு அவர்கள் போட்டிருந்த மொத்தத் தொகையோ, அண்ணன் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று உள்பாக்கெட்டில் ஊசி குத்தி வைத்திருந்த பணத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

"எதுவும் வேண்டாம்மா. பிரேக்கை மட்டும் பாருங்க."

"தாராளமா சார். விருப்பம்னா உங்க விருப்பம்தான்," என்று சொல்லி அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் செங்கல் கனத்துக்கு ஒரு காகிதக் கட்டு இருந்தது. "மறுப்புச் சீட்டு. ஒரு சேவைக்கு ஒண்ணு. மூணு பிரதி. காரணம் எழுதணும்."

"வேண்டாம்ங்கிறதுதான் காரணம்."

"அது முடிவு சார். காரணம் கீழே இருக்கு, ஒண்ணைக் குறிச்சாப் போதும்."

கீழே மூன்று காரணங்கள் அச்சடித்திருந்தன. அ: பாதுகாப்பு பற்றி எனக்குத் தெரியாது. ஆ: தெரியும், ஆனால் என் குடும்பத்தின் மீது அக்கறை இல்லை. இ: மற்றவை (மேலாளரிடம் நேரில் விளக்கவும்).

தராசு பத்தொன்பதிலும் இ-யைக் குறித்தார். அவருக்கு நாற்பத்தேழாம் எண் டோக்கன் கிடைத்தது; என்ன காரியமானாலும் மேலாளரைப் பார்க்க ஒரே வரிசைதான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வழுக்கைத் தலை ஆசாமி சாப்பாட்டுப் பொட்டலம், தலையணை, மூக்குக் கண்ணாடிக் கூடு சகிதம் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். தராசின் டோக்கனை எட்டிப் பார்த்தார்.

"எத்தனை வேண்டாம்னீங்க?"

"பத்தொன்பது."

வாத்தியார் நாற்காலியை அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டார். பயமா மரியாதையா என்று சொல்ல முடியவில்லை. "நான் ஒண்ணுதான் சொன்னேன். கண்ணாடி கழுவற சோப்புத் தண்ணி. திங்கக்கிழமை வந்தேன்."

"இன்னைக்கு வியாழன் ஆச்சேய்யா."

"வெள்ளி. நீங்களும் கணக்கை விட்டுட்டீங்க பாத்தீங்களா. இந்தக் கூடம் அப்படித்தான்."

"நீங்க என்ன காரணம் எழுதினீங்க?"

"சோப்பு வீட்ல இருக்குன்னு எழுதினேன். ஆதாரம் கேட்டிருக்காங்க."

பத்து மணிக்கு அண்ணியின் போன் வந்தது.

"தம்பி," என்றாள். "உங்க அண்ணன் போயிட்டாரு தம்பி."

"எப்ப அண்ணி?"

"எட்டரைக்கு. டீ வேணும்னு கேட்டாரு. ஆத்திக்கிட்டு இருந்தேன். சூடு போதுமான்னு கேக்கத் திரும்பறேன், இல்ல."

தராசு எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். எட்டரைக்கு அவர் ஏசி இல்லாத வண்டியின் ஏசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு எடுக்கலாம்ங்கறாங்க. அஞ்சு வரைக்கும் தாங்கலாம். ஆறு மணிக்கு இடுகாட்டுல கேட்டைப் பூட்டிடுவானாம்."

"மூணரை மணி நேரந்தான் அண்ணி வழி. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன். நான் வராம தூக்காதீங்க. முன்னால இடப்பக்கம் எனக்கு."

"தெரியும் தம்பி. நேத்துக்கூட அதைத்தான் சொல்லிச் சிரிச்சாரு."

அது இருபத்தாறு வருஷத்துச் சிரிப்பு. கிடங்கில் ஒரு முறை மூட்டையோடு பலகையிலிருந்து வழுக்கி விழுந்ததில் தராசுக்குத் தோள் எலும்பு விட்டுப்போயிற்று. நாற்பது நாள் படுக்கை. அந்த நாற்பது நாளும் அண்ணன் தன்னுடைய நடையை முடித்துவிட்டுத் தம்பியின் நடையையும் நடந்தார். கிடங்கில் ஒரு மூட்டையை லாரியிலிருந்து அடுக்குக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு நடை. சாயங்காலம் இரண்டு கூலி வாங்குவார். ஒன்றைத் தம்பியின் தலைமாட்டில் வைப்பார். "இத்தனை நடையை நான் எப்படிண்ணே அடைப்பேன்?" என்று தராசு ஒரு நாள் அழுதுவிட்டார். "அழாதடா கழுதை. நான் போறப்ப ஒரே ஒரு நடை என்னைத் தூக்கு, கணக்கு நேராயிடும். ஆனா முன்னால இடப்பக்கம் நில்லு. பின்னால நின்னா நீ சும்மா கை வெச்சுக்கிட்டு வருவே." அதற்கப்புறம் எப்போது பார்த்தாலும் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி அதுதான். கல்யாணப் பந்தியில் கேட்பார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கேட்பார். நடை ஞாபகம் இருக்காடா?

தராசு ஆலோசகர் பெண்ணிடம் போனார்.

"அம்மா, எங்க அண்ணன் இறந்துட்டார். வண்டியைக் கீழே இறக்கிக் குடுங்க. பிரேக் கூடப் பாக்க வேண்டாம்."

அவளுடைய கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. "ஐயோ சார்," என்றாள். அது அவளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்ததில் இல்லாத வார்த்தை. உடனே கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மேல ஏறின வண்டியை இறக்கறதுக்கு முடிவுச் சீட்டு வேணும். பத்தொன்பதுக்கும் முடிவு ஆனாத்தான் அந்தச் சீட்டு அடிக்கும் சார், மிஷினே அப்படி."

"நான்தான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டனே."

"மேனேஜர் ஒத்துக்கணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எல்லாத்துக்கும் சரின்னு போட்டுப் பணத்தைக் கட்டிடுங்க. பத்து நிமிஷத்துல வண்டி வாசல்ல நிக்கும்."

"பத்தொன்பது வேலையும் பத்து நிமிஷத்துலயா?"

பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். தராசுக்குப் புரிந்தது.

கிடங்கில் நடக்காத நடைக்குக் கூலி வாங்கியவனைச் சக ஆட்களே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். நடக்காத நடைக்குக் கூலி கொடுப்பவனைப் பற்றி அங்கே சட்டமில்லை, அப்படி ஒருவன் இருப்பான் என்று யாரும் நினைத்ததில்லை. உள்பாக்கெட்டில் இருந்தது அண்ணனுக்கென்று எடுத்து வைத்த பணம். அதை எலி வந்துவிட்டுத் திரும்பிப் போவதற்குக் கொடுப்பதா?

"வேண்டாம்மா. முறைப்படியே போறேன். இப்ப எத்தனையாவது எண்?"

"நாப்பத்தஞ்சு சார்."

"அப்புறம் என்ன, வந்துடும்."

முப்பத்தொரு வருஷம் நேர்மையாக மூட்டை தூக்கியதால் வந்த கோளாறு அது. வேறொருவராக இருந்தால் பத்தே முக்கால் மணிக்கு மலையடிவாரத்தில் இருந்திருப்பார்.

விஷயம் மேலே போயிற்று. சற்று நேரத்தில் கறுப்புக் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பூனை நடையில் வந்து எதிரே உட்கார்ந்தார். அனுதாப அலுவலர். முகத்தில் ஏற்கெனவே துக்கம் தயாராக இருந்தது.

"உங்க இழப்பை இந்த நிலையம் தன்னோட இழப்பா நினைக்குது. இறந்தவர் உங்களுக்குக் கூடப் பிறந்தவரா, ஒண்ணு விட்டவரா?"

"கூடப் பிறந்தவர்."

"மூத்தவரா?"

"ஆமா."

"அப்ப பன்னெண்டு சதம் தள்ளுபடி. ஒண்ணு விட்டவர்னா ஏழுதான். நீங்க கொடுத்து வெச்சவர்." பையிலிருந்து வழவழப்பான ஓர் அட்டையை எடுத்தார். "இது துக்கத் தொகுப்பு. அந்தப் பத்தொன்பதோட நாலு சேரும். வண்டிக்குக் கண்ணீர்ப் பளபளப்பு, சீட்டுக்கு அமைதி வாசனை. எழவு வீட்டு வாசல்ல போய் நிக்கறப்ப வண்டி அழுக்கா இருந்தா போனவருக்குத்தானே சார் கேவலம்?"

"வண்டியை இறக்கிக் குடுத்தாப் போதும் தம்பி."

"புரியுது. ஆனா நீங்க இப்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. இந்த நிலைமையில யாரும் வேண்டாம்னு ஒரு முடிவு எடுத்துடக் கூடாதுன்னு எங்க விதி. சரின்னு மட்டும் எடுக்கலாம்." அவர் எழுந்து இரண்டு கையாலும் தராசின் கையைப் பிடித்துக்கொண்டார். "இறப்புச் சான்றிதழ் நகல் ஒண்ணு மட்டும் அனுப்பி வைங்க."

பதினொரு மணிக்கு நிலையத்துக்கு எதிர்ச் சாலையில் மலைக்குப் போகிற பஸ் வந்து நின்றது. கண்ணாடி வழியாக அதன் பெயர்ப் பலகையைத் தராசால் தெளிவாகப் படிக்க முடிந்தது. நடுவில் ஒரு இடத்தில் மாறி ஏறினால் நாலரைக்குள் போய்விடலாம். அவர் எழுந்து கதவு வரைக்கும் போனார்.

"நாப்பத்தாறு," என்று பின்னால் ஒலிபெருக்கி சொன்னது.

அடுத்தது அவர். கிடங்கில் ஒரு பாடம் உண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பே படித்துக்கொள்வது. வரிசையில் நிற்கிறவன் எதற்காகவும் வரிசையை விட்டு நகரக்கூடாது. தண்ணீர் குடிக்கப் போனவனுக்கும் அன்று மூட்டை இல்லை. கால்களுக்கு அதுதான் தெரியும். கதவின் கைப்பிடியைத் தொட்டபடி கால்கள் நின்றன. பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. யார் மனசும் நோகாத ஹாரனில்லை அது, கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு புறப்பட்டுப் போய்விட்டது.

நாற்பத்தேழு பன்னிரண்டுக்குப் பத்து இருக்கும்போதுதான் வந்தது.

மேலாளரின் அறைச் சுவரில் 'உங்கள் வேண்டாம் எங்கள் வேதம்' என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மேலாளர் குண்டாக, கனிவாக இருந்தார். பத்தொன்பது சீட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் பெரியவரே. இந்தக் கட்டடத்துல கட்டாயம்ங்கிற வார்த்தையே கிடையாது. நான் வந்த அன்னைக்கே அதை எடுத்துட்டேன். எல்லாம் விருப்பம். இந்த வருஷம் இதுவரைக்கும் எட்டாயிரம் பேர் வந்திருக்காங்க. வேண்டாம்னு சொன்னது எத்தனை பேர் தெரியுமா? நாலு. நாங்க வற்புறுத்தியிருந்தா இப்படி ஒரு கணக்கு வருமா? ஜனங்க மனசாரக் குடுக்கறாங்க."

"அந்த நாலு பேர் என்ன ஆனாங்க?"

"ஒருத்தர் மனசு மாறிட்டார், மூணாவது நாள். ஒருத்தர் வண்டியே வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டார். அதைத்தான் எலிப் பூச்சுக்கு மாதிரி காட்ட வெச்சிருக்கோம். ஒருத்தர் வெளியே சோப்புத் தண்ணிக்காக உட்கார்ந்திருக்கார். நாலாவது நீங்க. உங்க சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். அதனாலதான் நானே நேர்ல விசாரிக்கிறேன். மதிக்கலைன்னா ஒரே நிமிஷத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிட மாட்டேனா?"

"ஐயா, எங்க அண்ணன் செத்துப் போயிட்டார். என்னைப் போக விடுங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரு உயிர் போனப்புறம் தானே அதோட அருமை தெரியுது. வண்டியும் அப்படித்தான்." முதல் சீட்டை மேசையில் வைத்தார். "ஏசி நறுமணச் சிகிச்சை. ஏன் வேண்டாம்?"

"வண்டில ஏசி இல்ல."

"ஏன் இல்ல?"

இப்படி ஒரு மணி நேரத்தில் ஏழு சீட்டு முடிந்தது. நடுவில் மேலாளருக்குச் சாப்பாடு வந்தது. சாப்பிட்டுக்கொண்டே நைட்ரஜனைப் பற்றிக் கேட்டார். எட்டாவது சீட்டை எடுத்தபோது தராசு கேட்டார்.

"நீங்க உங்க வண்டிக்கு இதெல்லாம் போடுவீங்களாய்யா?"

மேலாளர் முதன்முறையாக யோசித்தார். "எனக்கு ஏது வண்டி? நான் பஸ்ல வர்றவன். இந்தச் செலவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா சொல்லுங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளமே இல்லை.

அப்போது அண்ணியின் போன் மறுபடி வந்தது. "தம்பி, கிளம்பிட்டீங்களா? குளிப்பாட்டியாச்சு. எல்லாரும் கேக்கறாங்க."

"வழியில இருக்கேன் அண்ணி," என்றார் தராசு. அந்தக் கட்டடத்தில் அன்று அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

போனை மடியில் வைத்துவிட்டு, சட்டைக்குள் கைவிட்டு ஊசியைக் கழற்றினார். "எல்லாத்துக்கும் சரிங்கய்யா," என்றார்.

மேலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். "பாத்தீங்களா, யாரும் உங்களை வற்புறுத்தலை."

பெண் சொன்னது தப்பு. பத்து நிமிஷம் ஆகவில்லை. எட்டு நிமிஷத்தில் கார் வாசலில் நின்றது. அதே தூசி, அதே பறவை எச்சம், கண்ணாடியில் மட்டும் 'நலமாக உள்ளேன்' என்று ஒட்டுச் சீட்டு. பத்தொன்பது வேலைக்கும் நேரே 'செய்து முடிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு இரண்டு பக்க ரசீது. கடைசி வரியில் தடித்த எழுத்தில்: பாக்கி எதுவும் இல்லை. அதனுடன் பிணைத்திருந்த பரிசோதனைத் தாளில் அறுபத்து நாலாவது வரியைச் சுற்றிச் சிவப்பு மை வட்டம். பிரேக்: உடனடியாகக் கவனிக்க வேண்டும்.

"அப்ப பிரேக்கைப் பாக்கலையாம்மா?"

ஆலோசகர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "அது விருப்பச் சேவை இல்ல சார். அவசியமானது. அவசியத்துக்குத் தனிப் பிரிவு. வியாழக்கிழமை மட்டுந்தான்."

வாத்தியார் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்திருந்தார். "நீங்களும் சரின்னுட்டீங்களா?" என்று ஏமாற்றத்தோடு ஆரம்பித்தவர், தராசின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்ன ஆச்சு?"

"அண்ணன் போயிட்டார்."

வாத்தியார் வெளியே வந்தார். கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வண்டி கேட்டைத் தாண்டும் வரைக்கும் அந்த வெயிலிலேயே நின்றார்.

மணி ஒன்றேகால். நேரே போனால் நாலே முக்கால். இன்னும் நேரம் இருந்தது.

மலையேற்றத்தில் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. தராசு ஹாரனை அழுத்தினார். புறா முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பத்தொன்பதில் ஒன்றை அவர்கள் உண்மையாகவே செய்திருந்தார்கள். மறுபடி அழுத்தினார். லாரிக்காரர் மனசு நோகவில்லை. நகரவுமில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கிடங்கில் பலகையின் மேல் நின்று வழிவிடச் சொல்லிக் கத்துகிற குரலில் கத்திப் பார்த்தார். லாரியின் இன்ஜின் அதை முழுங்கிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் அதன் பின்னாலேயே அவரும் ஊர்ந்தார். மேலே போய்ச் சேரும்போது மணி மூன்றரைக்கு மேல்.

இறக்கத்தில் லாரி ஒதுங்கி வழிவிட்டது. இப்போது பிரேக் இல்லை. மிதித்தால் கிறீச்சிட்டது, யோசித்தது, நிற்காமல் போயிற்று. ஒரு வளைவில் பாறையோடு உரசித்தான் நின்றார். அதற்கப்புறம் முதல் கியரில் போட்டு, கைபிரேக்கை இழுத்து இழுத்து, கனமான மூட்டையோடு ஈரப்பலகையில் இறங்குகிற மாதிரி அங்குலம் அங்குலமாக இறங்கினார். ஸ்டீயரிங்கைத் தனியாகத் தாங்கிய வலது தோள் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. அண்ணி இரண்டு முறை கூப்பிட்டாள். கையை எடுத்தால் வண்டி போய்விடும். எடுக்கவில்லை. ஐந்தரைக்குப் போன் அடிப்பது நின்றது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே இடுகாட்டுக்கு ஓட்டினார். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கேட்டுக்கு வெளியே நாலு பேர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அண்ணன் தெருவில் பால் ஊற்றுகிறவர்.

"நீங்க தம்பிதானே," என்றார். "தோளைப் பாத்தாலே தெரியுதுங்க." அவர் கண்களை விலக்கிக்கொண்டார். "அஞ்சேகால் வரைக்கும் வெச்சிருந்தோங்க. அப்புறமும் முன்னால இடப்பக்கத்தைக் காலியா விட்டு மூணு பேராத்தான் தூக்கினோம், உங்க அண்ணி அப்படித்தான் தூக்கணும்னுட்டாங்க. தெருமுனை தாண்டறதுக்குள்ள சாஞ்சிடுச்சு. அப்புறந்தான் நான் தோள் குடுத்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்லய்யா," என்றார் தராசு. "நல்லா இருப்பீங்க."

அவர்கள் போனார்கள். காவலாளி சங்கிலியோடு வந்து இவரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு மற்றதைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே தூரத்தில் புது மண் ஈரமாகத் தெரிந்தது. தராசு அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். துண்டை எடுத்து நாலாக மடித்து வலது தோளில் போட்டார், மூட்டை வாங்கப் போகிறவர் போல. அப்புறம் அதை எடுத்து இடது தோளுக்கு மாற்றினார். முன்னால் இடப்பக்கம் நிற்கிறவனுக்கு எந்தத் தோளில் பாரம் வரும் என்று அவருக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

போன் அடித்தது. அண்ணி என்று நினைத்து எடுத்தார்.

"வணக்கம் சார், வாகன நலவாழ்வு நிலையத்துலேர்ந்து பேசறோம். இன்னைக்கு எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

வேறு பெண். சந்தோஷமான குரல். பின்னால் பல பெண்கள் பலரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது கேட்டது.

தராசு பேசவில்லை.

"சார்? சரி சார், பேசாதவங்களுக்குப் பத்துன்னு போட்டுக்கறது வழக்கம். உங்க கணக்கையும் பாத்துட்டேன், எல்லாம் நேரா இருக்கு. பாக்கின்னு எதுவும் இல்ல."

"இருக்கும்மா."

"இல்ல சார், இங்க திரையில பூஜ்யம்னுதான் இருக்கு."

காவலாளி சங்கிலியை லேசாக அசைத்தார். மணி ஆறு. தராசு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் கேட் பூட்டப்பட்டது.

அண்ணனுக்கு ஒரு நடை பாக்கி.